கண்ணாடிக்குள் ஒரு சண்டை

கோட்டான் பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவர்களுக்குத் தூக்கம் வரும். பேசாமல் இருந்தால் பயம் வரும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒருத்தன் எதை விற்றுக் கிழிக்க முடியும் என்று அவனுடைய அக்கா அடிக்கடி கேட்பாள். ஊமைக்கோட்டான் என்று சின்ன வயதில் அவனுக்குப் பெயர் வைத்தவளும் அவள்தான். வளர வளர அதில் ஊமை உதிர்ந்துபோய்க் கோட்டான் மட்டும் நின்றுவிட்டது.

அவன் விற்க வேண்டியது ஒரு கேபின். இரண்டு பேர் எதிரெதிரே உட்காரலாம். மூன்று பக்கமும் பஞ்சு அடைத்த பலகைச் சுவர், முன்னால் இரட்டைக் கண்ணாடிக் கதவு. கதவைச் சாத்திக் கைப்பிடியைத் திருப்பினால் அடியிலிருந்து ஒரு ரப்பர் பட்டை இறங்கித் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் உள்ளே இடியே இடித்தாலும் வெளியே ஒரு முணுமுணுப்பு வராது. நூறு பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிற அலுவலகங்களில், போன் பேசவும் தனியாகப் பேசவும் ஒதுங்குவதற்காக அவன் யோசித்து, வரைந்து, நாலு முறை பிரித்துச் செய்தது. உண்மையில் அதைத் தனக்காகத்தான் செய்துகொண்டான். வெட்டும் ரம்பமும் அக்காவின் குரலும் ஒரே சமயத்தில் ஓடுகிற பட்டறையில், உலகத்தை ஒரு கைப்பிடியால் அணைக்க முடிந்தால் எப்படி இருக்கும் என்ற ஆசையில் பிறந்தது அது.

பட்டறை மாமாவுடையது. அக்கா புருஷன். அலமாரி செய்து வளர்ந்த மனிதர். மச்சினனின் கேபினுக்கு ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தார்.

"இதுதான் கடைசி மாப்ள" என்றார் அன்று. "வியாழக்கிழமை வர்றவங்க வாங்கலேன்னா கேபினை மறந்துட வேண்டியதுதான். அந்தப் பலகை, பஞ்சு எல்லாத்தையும் பிரிச்சு அலமாரிக்குத் திருப்பிடறேன். அலமாரிக்கு எவனும் விளக்கம் கேக்க மாட்டான். திறப்பான், மூடுவான், தூக்கிட்டுப் போயிடுவான்."

கோட்டான் ஒன்றும் சொல்லவில்லை. மாமாவுக்கு அந்த மௌனம் பழக்கம். கிணற்றில் கல்லைப் போட்டவர் போலக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார்.

இதுவரை வந்தவர்கள் எல்லோருக்கும் அவன் முறையாகத்தான் பிரசன்டேஷன் கொடுத்திருக்கிறான். பட்டறையின் முன்னறையில் நாற்காலி போட்டு, புரொஜெக்டர் வைத்து, அறுபத்துச் சொச்சம் ஸ்லைடு. ஒலி எந்த அலைவரிசையில் எவ்வளவு குறைகிறது என்று ஏறி இறங்கும் கோடுகள். பஞ்சின் குறுக்குவெட்டு. பத்தாவது ஸ்லைடில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். இருபதாவதில் ஒருவர் கண்ணை மூடி யோசிப்பார். அந்த யோசனைக்குக் குறட்டை வரும். கடைசியாக வந்தவர் மூலையில் நின்ற கேபினுக்குள் போன் பேசப் போனார். கதவைச் சாத்திக்கொண்டார். கோட்டான் கோடுகளை விளக்கி முடிக்கும்வரை வெளியே வரவில்லை. வந்ததும், "ரொம்ப நல்லாருந்துச்சு, உங்க பிரசன்டேஷன் ஒரு வார்த்தை கேக்கல" என்று மனதாரச் சொல்லிவிட்டு, வாங்காமல் போய்விட்டார்.

அந்த ஆளைப் பற்றி அவன் பல நாள் யோசித்தான். சரக்கு வேலை செய்திருக்கிறது. விளக்கம்தான் கெடுத்திருக்கிறது.

வழி அவன் கண்ணெதிரேயே இருந்தது. ஒரு பகல்வேளை, ரம்பங்கள் ஓய்ந்திருந்தன. ஸ்லைடுகளில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தவன், முன்னறை வாசலில் ஆட்கள் கூடியிருப்பதைப் பார்த்தான். வேறொன்றுமில்லை, அக்காவும் மாமாவும் கேபினுக்குள் போயிருக்கிறார்கள்.

அது அந்தப் பட்டறையின் ஏற்பாடு. அந்தத் தம்பதி ஓயாமல் சண்டை போடுகிறவர்கள். பெயிண்ட் நிறம், லாரி வாடகை, மெத்தையில் யார் பக்கம் குழி விழுந்திருக்கிறது, எதுவானாலும் சரி. முன்பெல்லாம் பட்டறை நடுவிலேயே நடக்கும், வேலை நின்றுவிடும். கேபின் வந்தபிறகு, மானம் போகக்கூடாது என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இப்போதும் வேலை நின்றது, ஆனால் மானம் காப்பாற்றப்பட்டதாக அவர்கள் இரண்டு பேரும் நம்பினார்கள். சத்தம் கேட்காத இடத்தில் முகமும் தெரியாது என்று மனிதர்கள் எப்படியோ நினைத்துக்கொள்கிறார்கள்.

வெளியே நின்றவர்களுக்கு அது ஒரு பொக்கிஷம். தச்சர் ஒருவர், டப்பிங் என்று பெயர், கண்ணாடிக்கு நேரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, உள்ளே அசைகிற வாய்க்கெல்லாம் வெளியே குரல் கொடுப்பார்.

அக்கா கையை நீட்டி ஏதோ சொன்னாள். டப்பிங் மெல்லிய குரலில், "உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு அலமாரியைக் கட்டிக்கிட்டிருக்கலாம். சாத்தினா சும்மாவாவது இருக்கும்" என்றார்.

மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். டப்பிங் கட்டைக்குரலில், "சாவியை நீதானே வெச்சிருக்க" என்றார்.

பஞ்சு வெட்டுகிற பெண் சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள். "இல்ல, இது பெயிண்ட் விஷயம், பந்தயம்" என்றான் ஒருவன். "அந்தக் கையைப் பாரு, அது அவரோட தங்கச்சி விஷயம்" என்றான் இன்னொருவன். ஒருத்தரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

கோட்டான் மடிக்கணினியை மெதுவாக மூடினான்.

புதன்கிழமை ஒத்திகை. இருவரையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னான். வருகிறவர்கள் பார்க்கும்படி நீங்கள் உள்ளே சண்டை போட வேண்டும், அவ்வளவுதான்.

"நாங்க எங்கடா சண்டை போடறோம்?" என்றாள் அக்கா.

"பேசிக்குவோம்" என்றார் மாமா.

"அதைத்தான் பேசிக்குங்க" என்றான்.

உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. இருவரும் முழங்காலில் கை வைத்து, சம்பந்தம் பேச வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கோட்டான் கதவைத் திறந்து பார்த்தான்.

"நீங்க ஆரம்பிங்க" என்றாள் அக்கா.

"இல்ல இல்ல, நீயே சொல்லு."

"நீங்க பெரியவங்க, உங்களுக்கு அப்புறம் நான்."

இத்தனை வருஷத்தில் இவ்வளவு மரியாதையாக அவர்கள் பேசி அவன் கேட்டதில்லை. வேண்டாத நேரத்தில் கொட்டுகிற மழை, குடத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தால் வராது. டப்பிங் ஸ்டூலை எடுத்துக்கொண்டு எழுந்தார். "இதுக்கு நான் குரல் குடுத்தா எனக்கே தூக்கம் வந்துடும் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை அவன் கேபினுக்குள் தனியாக உட்கார்ந்திருந்தான். வெளியே மாமா இஞ்ச் டேப்பை நீட்டிப் பிடித்து, கேபின் பலகையில் எத்தனை அலமாரி தேறும் என்று அளந்துகொண்டிருந்தார். கண்ணாடி வழியே அது சத்தமில்லாமல் தெரிந்தது. தன் உடம்பையே அளப்பது போல இருந்தது கோட்டானுக்கு. சண்டையைக் கேட்டால் கிடைக்காது, மூட்டித்தான் விட வேண்டும். ஆனால் மூட்டுவதற்குப் பேச வேண்டுமே. பேச்சு தனக்கு வராதே. வெகுநேரம் யோசித்தபிறகு, பேச்சு வராததே போதும் என்று அவனுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதும் இருட்டு அறையில் பூனை சிரித்தது போல் அவன் உதடு ஒரு பக்கமாக நகர்ந்தது.

வியாழக்கிழமை காலை, வாடிக்கையாளர்களின் கார் வாசலில் நிற்கும்போது, அக்கா பெயிண்ட் டப்பாக்களை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். கோட்டான் அவள் பக்கத்தில் போய் நின்றான்.

"அக்கா, மாமா சொன்னதை நீ பெரிசா எடுத்துக்காதே."

அக்கா நிமிர்ந்தாள். "என்ன சொன்னாரு?"

கோட்டான் அவளைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். பிறகு ஒரு பெருமூச்சு.

"என்னடா சொன்னாரு?"

"விடுக்கா" என்று நகர்ந்துவிட்டான்.

மாமா கண்ணாடி முன் தலை வாரிக்கொண்டிருந்தார். அவரிடமும் போனான். "மாமா, அக்கா அப்படிச் சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க."

சீப்பு பாதித் தலையில் நின்றது. "எதை?"

கோட்டான் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டான். அனுதாபத்தோடு செய்தான். அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

வந்தவர்கள் மூன்று பேர். புதிதாக எழும்பும் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்துக்காக வந்திருந்தார்கள். மேலாளர் அம்மா, மூக்குக்கண்ணாடி, குறைந்த பேச்சு. அவர் பக்கத்தில் கொள்முதல்காரர், டை கட்டியவர், பேச்சை நிறுத்தத் தெரியாதவர். மூன்றாவது கட்டட என்ஜினியர், உட்கார்ந்ததுமே கொட்டாவிக்கு இடம் பார்த்தார்.

"எத்தனை ஸ்லைடு இருக்கு?" என்று கேட்டார் மேலாளர், சிறைத்தண்டனைக் காலத்தைக் கேட்பவர் போல.

"ஸ்லைடு இல்லீங்க" என்றான் கோட்டான். "எங்க ஓனரும் அவங்க மனைவியும் உள்ளே உக்காந்து கொஞ்சம் பேசுவாங்க. நீங்க பாருங்க."

அக்கா முன்னால் நடந்தாள். மாமா பின்னால். இருவர் முகமும் சரியில்லை. கதவு சாத்திக்கொண்டது, கைப்பிடி திரும்பியது, ரப்பர் பட்டை இறங்கியது. அதுவரைக்கும் பொறுத்ததே பெரிய காரியம் என்பதுபோல அக்கா திரும்பிய வேகத்தில் அவள் தோள் சுவரில் மோதியது. மோதிய சத்தம்கூட வெளியே வரவில்லை.

அவள் விரலை நீட்டிக் கேட்டாள். மாமா அதே மாதிரி விரலை நீட்டி அவளிடம் திருப்பிக் கேட்டார். இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள் என்று கோட்டானுக்கு மட்டும் தெரியும்.

என்ஜினியரின் கொட்டாவி பாதியில் மூடிக்கொண்டது.

அறையில் நல்ல அமைதி. சுவர்க்கடிகாரம் கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமா மார்பில் கை வைத்து ஏதோ சத்தியம் செய்தார், அக்கா உட்கார்ந்தாள், எழுந்தாள், கூரையைப் பார்த்து யாரையோ சாட்சிக்குக் கூப்பிட்டாள். கோட்டான் கை கட்டி நின்றான். வாழ்க்கையில் முதல் முறையாக அவனுடைய பிரசன்டேஷனில் ஒருவரும் அசையவில்லை.

"என்ன பேசிக்கறாங்க?" என்று கேட்டார் மேலாளர்.

"தெரியாதுங்க" என்றான். "அதைத்தான் விக்கிறேன்."

மேலாளர் அவனை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அவசரமாகக் கண்ணாடி பக்கம் திரும்பினார். ஏதாவது விட்டுப்போய்விடுமோ என்ற அவசரம் அது.

"வீடு மாத்தற விஷயமா இருக்கும். எங்க வீட்டுல இதே கைதான்" என்றார் என்ஜினியர்.

"அதில்ல சார்" என்றார் கொள்முதல்காரர். "அந்தம்மா இப்ப என்னமோ ஒத்துக்கறாங்க. பாருங்க, குரல் இறங்கிடுச்சு."

"குரலே கேக்கலையே, எப்படி இறங்கும்?"

"முகத்துல இறங்குது சார்."

வாசலில் நின்ற டப்பிங்குக்கு நாக்கு அரித்தது. வாடிக்கையாளர் முன்னால் வாயைத் திறக்கக்கூடாது என்று கோட்டான் கும்பிட்டுச் சொல்லியிருந்தான். இருந்தாலும் மாமா இரண்டு கையையும் விரித்தபோது, "நான் வேணா வெளியே போயிடறேன், கதவு எப்படித் திறக்கறதுன்னு உன் தம்பியைக் கேளு" என்று கட்டைக்குரல் தானாக வந்துவிட்டது. என்ஜினியர் நாற்காலியைத் தட்டிச் சிரித்தார். மேலாளரின் உதடுகூடக் கொஞ்சம் கோணியது.

கோட்டான் அப்போது நடந்துபோய்க் கதவைத் திறந்தான். ஒரு சாண்தான்.

"... நீங்க வாங்கிக் குடுத்த அந்தப் பழுப்பு ஷூவை நான்தான் தூக்கிப் போட்டேன், திருடன் எடுக்கல. இப்ப அதுக்கு என்ன..."

அக்காவின் குரலில் முன்னறையின் ஜன்னல் அதிர்ந்தது. சாத்தினான். மறுபடி கடிகாரம் கேட்டது.

"எந்த ஷூ?" என்று முன்னால் சாய்ந்தார் மேலாளர்.

கோட்டான் தோளைக் குலுக்கினான்.

"இன்னொரு தடவை திறங்களேன்."

அவன் கைப்பிடிப் பக்கமே போகவில்லை. உள்ளே மாமா அதிர்ச்சியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரும் எதையோ ஒப்புக்கொண்டார். நீளமாக ஒப்புக்கொண்டார். அக்காவின் வாய் திறந்தபடி நின்றது. அது என்ன என்று தெரியாமல் வெளியே மூன்று பேரும் தவித்தார்கள்.

"இந்த மாதிரி நாங்க எங்கயுமே பாக்கலீங்க" என்று கொள்முதல்காரர் வாயை விட்டார். "நாலு இடம் போனோம். எல்லாம் காத்தோட்டமான தகர டப்பா. இதுதான் சாமான்."

மேலாளரின் மூக்குக்கண்ணாடி மெல்ல அவர் பக்கம் திரும்பியது. நுணலும் தன் வாயால் கெடும். விலை பேச வந்த இடத்தில், பேச வேண்டிய விலையை அந்த மனிதர் முழுதாகத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

உள்ளே ஒரு மாற்றம். அக்கா ஏதோ கேட்டாள். மாமா இல்லை என்று தலையாட்டினார். மாமா ஏதோ கேட்டார். அக்காவும் இல்லை என்றாள். ஒரு கணம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, சொல்லி வைத்தாற்போல, இரண்டு தலையும் ஒன்றாகக் கண்ணாடி பக்கம் திரும்பி, கோட்டானைப் பார்த்தன.

"சமாதானமாயிட்டாங்க போல" என்றார் என்ஜினியர், கொஞ்சம் வருத்தத்தோடு.

"ஆமாங்க" என்றான் கோட்டான். கதவைவிட்டு ஓர் அடி தள்ளி நின்றுகொண்டான்.

இருவரும் வெளியே வந்தார்கள். அக்கா அவன் காதருகே வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்த முகமாக, "இவங்க போகட்டும்டா" என்றாள். மாமா அவன் தோளில் கை போட்டு அழுத்தினார். பார்க்கிறவர்களுக்கு அது பாசம்.

மேலாளர் எழுந்தார். "நாங்க ஒரு தடவை உள்ள உக்காந்து பாக்கறோம்" என்று சொல்லிவிட்டு, கொள்முதல்காரரை மட்டும் பார்த்து, "வாங்க" என்றார்.

கதவு சாத்திக்கொண்டது. இத்தனை நேரம் கண்ணாடி வழியே அடுத்தவர் குடும்பத்தை நுணுகி நுணுகிப் பார்த்தவர்தான் அவர். இருந்தும், அந்த ரப்பர் பட்டை இறங்கியதும் உலகம் இல்லாமல் போய்விட்டது என்று அவரும் நம்பிவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கொள்முதல்காரரின் டையைச் சுட்டிக் காட்டி ஆரம்பித்தார். அந்த மனிதர் சுருங்கச் சுருங்க இருக்கை பெரிதாகிக்கொண்டே போனது.

இந்தப் பக்கம் அக்கா, மாமா, பஞ்சு வெட்டுகிற பெண், ரம்பக்காரர்கள், என்ஜினியர், எல்லோரும் அரைவட்டமாக நின்றார்கள். டப்பிங் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா? இதுதான் சாமானாம். இனிமே நான் எந்த மூஞ்சியோட விலையைக் குறைக்கச் சொல்றது?"

"மேடம், உணர்ச்சிவசப்பட்டுட்டேன் மேடம்."

"உணர்ச்சியை வீட்டுல வெச்சுட்டு வாங்க. அடுத்த தடவை டையைக் கழுத்துல கட்டாதீங்க, வாயில கட்டுங்க."

என்ஜினியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்படியே அவங்கதான்" என்றார்.

மேலாளர் எதையோ அழுத்திச் சொல்லத் திரும்பியபோது, கண்ணாடி நிறைய முகங்கள் தெரிந்தன. நீட்டிய விரல் நீட்டியபடியே நின்றது. மெதுவாக அதை மடக்கினார். மூக்குக்கண்ணாடியை மாட்டினார். கதவைத் திறந்து வெளியே வந்தபோது பழைய மேலாளராகவே வந்தார், காது மட்டும் சிவந்திருந்தது.

டப்பிங் கூரையைப் பார்த்தார்.

"நல்லாருக்கு" என்றார் மேலாளர். "ஒவ்வொரு மாடிக்கும் வேணும். ஆனா ஒரு விஷயம். கண்ணாடி இல்லாம செய்ய முடியுமா?"

கோட்டான் அவரைப் பார்த்தான். அந்தக் கண்ணாடிக்காக அவன் தூக்கம் கெட்டவன். மூடிய இடத்தில் இருக்கிறோம் என்ற எண்ணம் வராமலிருக்க, வெளிச்சம் உள்ளே நடமாட, சத்தத்தை விட்டு விலகினாலும் மனிதர்களை விட்டு விலகாமலிருக்க, யோசித்து யோசித்து வைத்தது. இதையெல்லாம் சொல்லலாம். சொன்னால் ஸ்லைடு மாதிரி இருக்கும். அவன் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே நின்றான்.

கடிகாரம் ஓடியது. மேலாளர் தொண்டையைச் செருமினார்.

"வெளிச்சத்துக்கு வேணா தலைக்கு மேல கொஞ்சம் வெச்சுக்கலாம்."

கோட்டான் இன்னும் பார்த்தான்.

"சரி, கீழயும் வைங்க. உள்ள ஆள் இருக்கா இல்லையான்னு கால் தெரியணுமில்ல. ஆனா நடுவுல வேண்டாம். முகம் வேண்டாம்."

"செஞ்சிடலாங்க" என்றான் கோட்டான். விலையை அவன் சொன்னான். மேலாளர் பழக்கதோஷத்தில் கொள்முதல்காரரைப் பார்த்தார். கொள்முதல்காரர் தன் டையைப் பார்த்தார். விலை அப்படியே நின்றது.

கார் கிளம்பிப் போனதும் மாமா கேபினைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"சுத்தியும் பலகை. முன்னாடி பலகைக் கதவு" என்றார் நிதானமாக. "ஏன் மாப்ள, அப்போ அது அலமாரிதானே?"

"மேலயும் கீழயும் கண்ணாடி இருக்கு மாமா."

"கண்ணாடி வெச்ச அலமாரி. நான் அப்பவே சொன்னேன்."

"அப்ப முகம் தெரியாதா?" என்று டப்பிங் கவலையோடு கேட்டார். "வெறும் காலுக்கு எப்படிங்க குரல் குடுக்கறது?"

"அது அவங்களுக்குச் செய்யறது. இது இங்கயேதான் இருக்கும்" என்றான் கோட்டான், கேபின் கதவில் கை வைத்து. ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியிருந்தது. கொஞ்ச நேரம் உள்ளே போய்ச் சும்மா உட்கார வேண்டும் போலிருந்தது.

அந்த ஆசையை அக்கா நிறைவேற்றினாள். "உள்ள போடா" என்றாள்.

மாமாவும் பின்னாலேயே வந்தார். இரண்டு பேருக்கான கேபின். கோட்டானை நடுவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் அவர்கள் உட்கார்ந்துகொண்டார்கள். கைப்பிடி திரும்பியது.

"உன் அக்கா எதைச் சொன்னான்னு என்கிட்ட வந்து சொன்ன?" என்றார் மாமா. "உன்னாலதான் வாடகை பாக்கிக்காக லாரிக்காரனுக்கு நம்ம ஷெட்டை எழுதிக் குடுத்ததை நான் ஒத்துக்க வேண்டியதாப் போச்சு."

"ஷெட்டை விடுங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்றாள் அக்கா. "எனக்கு என் ஷூ விஷயம் வெளியே போச்சு. அந்த டை கட்டின ஆள் போகும்போது என் காலைப் பாத்துட்டுப் போறான். இதுக்கு என்னடா சொல்ற? வாயைத் திற."

கோட்டான் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடி வழியே வெளியே பார்த்தான். அரைவட்டம் மறுபடி கூடியிருந்தது. டப்பிங் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு பக்கம் திரும்பி உதட்டைக் குவித்து ஏதோ சொல்ல, கூட்டம் சிரித்தது. மறுபக்கம் திரும்பி நெஞ்சை நிமிர்த்தி ஏதோ சொல்ல, இன்னும் சிரித்தது. ஒரு வார்த்தைகூட உள்ளே கேட்கவில்லை. அருமையான கேபின்.

பிறகு டப்பிங் நேராக நிமிர்ந்து, நடுவில் நிற்கிறவனைக் கூர்ந்து பார்த்தார். உதட்டை இறுக மூடிக்கொண்டார். கண்ணை மட்டும் அகல விழித்து, அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அதற்குத்தான் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.